கிளி வளர்ப்பு... கிலி வளர்ப்பு!

காரவள்ளியில் பஸ் முதல் கியருக்கு மாறும். அங்கிருந்து மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருப்பதால் எண்ணிக்கொண்டே போகலாம் (வயிறு ஒத்துழைத்தால்!). எழுபதும் முடிந்து மேலே போனால் காற்றே வேறு. வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை, பலாப்பழம், மிளகு, அன்னாசி என்று டூரிஸ்ட் லிஸ்ட் நீளமானது. அதில் சேராத ஒரு சமாசாரம் உண்டு... தினை!

சங்க காலத்தில் மலைநாட்டுப் பெண்களுக்குக் கிளி என்பது செல்லப்பிராணி இல்லை. கேட்காமலேயே வந்து வரி வசூலிக்கும் அதிகாரி. கதிர் முற்றினால் போதும், கூட்டமாக இறங்கி கபளீகரம் பண்ணிவிட்டுப் போய்விடும். அதனால் தினைப்புனத்தின் நடுவே பரண் கட்டி, வயசுப் பெண்களைக் காவல் வைத்தார்கள். கையில் தட்டை, கவண். வாயில் ஆலோலம். வள்ளியே கிளி விரட்டப் போன பெண்தான். முருகப்பெருமானுக்குக் கல்யாணமே அந்த வகையில்தான் கூடிவந்தது.

ஆக, தமிழ்நாட்டின் முதல் கிளிச் செலவுக் கணக்கு அதுதான். விளைந்ததில் கிளி தின்றது போக மிச்சம் வீட்டுக்கு!

இன்றைக்குக் கணக்கு தலைகீழ். பறந்து வந்து தின்ற கிளிக்குப் பயந்த நாம், இப்போது காசு கொடுத்துத் தினையை வாங்கி, காசு கொடுத்துக் கூண்டை வாங்கி, அதற்குள் காசு கொடுத்துக் கிளியை வாங்கிப் போட்டு, 'சாப்பிடு... சாப்பிடு' என்று கெஞ்சுகிறோம்.

அந்தத் தினை கொல்லிமலைத் தினைதானா? அப்படிச் சொல்வதற்கில்லை. செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை என்று நாட்டு ரகங்கள் செழித்த மலை இது. ஆனால் கீழே சேலம், நாமக்கல் பக்கத்து சேகோ பேக்டரிகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. மரவள்ளியில் ரொக்கம் வந்தது. தினை, சாமை நிலமெல்லாம் மரவள்ளிக்கு மாறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த ரகங்களைக் காப்பாற்ற மலைமக்களோடு சேர்ந்து மெனக்கெட்டு வருகிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை 'சிறுதானிய ஆண்டு' என்று அறிவித்ததும் தினைக்கு ஒரு ஸ்டார் அந்தஸ்து. ஷுகருக்குப் பயந்த ஆபீஸர் ஒருபக்கம், லவ் பேர்ட்ஸ் வளர்க்கும் பையன் ஒருபக்கம் என்று ஒரே தானியத்துக்கு இரண்டு கஸ்டமர். ஆபீஸருக்கு உமி நீக்கியது, விலை கூட. கிளிக்கு உமியோடு. அது தானே உரித்துக்கொள்ளும்!

இந்த இடத்தில் ஒரு முக்கிய விஷயம். கிளி தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலாகப் பார்த்தால் கிண்ணம் நிறைய தினை இருப்பது போலவே தெரியும். 'நேத்து போட்டதே அப்படியே இருக்கே' என்று நம் ஆள் ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவார். உள்ளே கிளி பட்டினி. புதுசாக வளர்ப்பவர்கள் வீட்டில் நல்ல ஆரோக்கியமான பறவை திடீரென்று செத்துப்போக இது ஒரு காரணம். தினமும் கிண்ணத்தை ஒரு தடவை 'ஃபூ' என்று ஊதிப் பார்க்க வேண்டும். செலவில்லாத வைத்தியம்.

இனி, இந்தக் கட்டுரைக்குக் காரணமான அந்த வார்த்தைக்கு வருவோம். சைடு இன்கம்!

'சும்மா பத்து ஜோடி போடுங்க சார். மொட்டை மாடியில ஒரு மூலை போதும். அதுபாட்டுக்குக் குஞ்சு பொரிக்கும், நீங்கபாட்டுக்குக் காசு எண்ணலாம்.' இந்த டயலாக்கைக் கேட்காத இளைஞர் அபூர்வம். மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் இனிமையாக இருக்கும். பி.காம். படித்ததற்கு இதற்காவது பயன்படட்டும் என்று பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

மிஸ்டர் எக்ஸ் என்று ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நாமக்கல்லில் ஆபீஸ் வேலை, சொந்த வீடு, மொட்டை மாடி. அவர் பத்து ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்குகிறார். (நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியக் குட்டிக்கிளி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காக்காரர். அதனால்தான் கடையில் அவரை 'ஆப்பிரிக்கன்' என்று அடைமொழி சேர்த்துச் சொல்வார்கள்.) விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஒரு சுமாரான விலையை வைத்துப் போடுவோம்.

ஜோடி 500 ரூபாய் வீதம் பத்து ஜோடி 5,000. வெல்டுமெஷ் கூண்டு 6,000. முட்டையிட மண்பானை பத்து, கட்டும் கம்பி எல்லாம் சேர்த்து 700. கிண்ணம், தண்ணீர் டப்பா 500. ஆக முதலீடு 12,200 ரூபாய்.

மாதச் செலவு? ஒரு ஜோடி மாதம் அரைக் கிலோ தின்னும். பத்து ஜோடிக்கு 5 கிலோ. குஞ்சுகள் வந்தபின் சராசரியாக இன்னும் 3 கிலோ. கிலோ 70 ரூபாய் என்றால் 560. கீரை, 'கடல் நுரை' என்ற பெயரில் விற்கும் கணவாய் ஓடு (முட்டையிடும் பறவைக்குச் சுண்ணாம்புச் சத்து அவசியம். இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே சிக்கித் தாய் செத்துவிடும்), மருந்து எல்லாம் 240. ஆக மாதம் 800, வருஷம் 9,600.

இப்போது வரவு. பட்ஜெரிகர் 4 முதல் 6 முட்டை இடும், 18 நாளில் பொரிக்கும், ஒரு மாதம் சொச்சத்தில் குஞ்சு பானையை விட்டு வெளியே வரும். ஆசைக்கு எல்லையில்லாமல் வருஷம் முழுக்க முட்டையிட விட்டால் தாய்ப்பறவை உருக்குலைந்துவிடும். இரண்டு தடவைதான் நியாயம். தடவைக்கு மூன்று குஞ்சு தேறினால் பத்து ஜோடிக்கு வருஷம் 60. எலி, பூனை, மழை, நோய் பங்கு பத்து. மிச்சம் 50 பறவை, அதாவது 25 ஜோடி.

அடடா, 25 ஜோடியை ஐந்நூறால் பெருக்கினால் 12,500 என்று எக்ஸ் குதிக்கிறார். பொறுங்கள் சார்! ஐந்நூறு என்பது கடை விற்கும் விலை. கடை உங்களிடம் வாங்கும் விலை வேறு. கடைக்காரருக்கு வாடகை, கரன்ட், சாகும் பறவை, விற்காத பறவை. பாதிக்கும் கீழேதான் கேட்பார். ஜோடிக்கு 220 என்று வையுங்கள். வருஷ வரவு 5,500.

செலவு 9,600. வரவு 5,500. நஷ்டம் 4,100. கூண்டு ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்துத் தேய்மானம் 1,200 சேர்த்தால் நஷ்டம் 5,300. தினம் அரைமணி நேரம் கூண்டு கழுவிய வகையில் வருஷத்துக்கு 182 மணி நேர உழைப்பை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எக்ஸின் மனைவி சேர்ப்பார்.

'நாமக்கல்லிலேயே இருந்துகொண்டு பறவையில் நஷ்டமா?' என்று கேட்கலாம். இந்தியாவின் முட்டைத் தலைநகரங்களில் ஒன்று ஆயிற்றே. அங்கேதான் வித்தியாசம் இருக்கிறது. பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல் முட்டை போடும். அந்த முட்டைக்குத் தினம் ஒரு விலை அறிவிப்பு வரும். வாங்க ஆள் உண்டு. நாளைக்கும் வாங்குவார், ஏனென்றால் இன்றைக்கு வாங்கியதை ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டுவிட்டார். கிளியை யாரும் ஆம்லெட் போடுவதில்லை. ஒரு வீட்டில் ஒரு ஜோடி வாங்கினால் அது ஐந்து முதல் பத்து வருஷம் இருக்கும். இரண்டு வருஷத்தில் அந்த வீடே உங்களுக்குப் போட்டியாகக் குஞ்சு விற்க வந்துவிடும்!

இதுதான் இந்தத் தொழிலின் சூட்சுமம். சுலபமாகக் குஞ்சு பொரிக்கும் பறவைக்கு விலை நிற்காது. விலை நிற்கும் பறவை சுலபமாகக் குஞ்சு பொரிக்காது.

'அப்படின்னா கலர்ல போங்க சார்' என்பார்கள் அடுத்து. 'மியூட்டேஷன்' என்பது மந்திரச் சொல். சாதாரணப் பச்சைக்கு இந்த விலை என்றால், புதுக் கலர் வந்தால் பல மடங்கு. உண்மைதான். ஆனால் அதை வாங்குவது யார்? பால்கனியில் கிளி வைத்து ரசிக்கும் குடும்பமா? பெரும்பாலும் இல்லை. உங்களைப் போலவே குஞ்சு விற்று சம்பாதிக்கலாம் என்று கிளம்பிய இன்னொரு எக்ஸ். அவரிடம் வாங்க மற்றொரு எக்ஸ். முதலில் வந்தவர் லாபம் பார்ப்பார். எல்லோர் கூண்டிலும் அந்தக் கலர் வந்தபின் வருகிறவர் கையில் இருப்பது கலர், காசு இல்லை.

கொங்குச் சீமைக்கு இந்தப் பாடம் புதிதல்ல. பெருந்துறையில் சுசி ஈமு ஃபார்ம்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 'பணம் கட்டுங்கள், குஞ்சு தருகிறோம், தீவனம் தருகிறோம், மாதாமாதம் தொகை தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.' நடிகர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். 2012 ஆகஸ்டில் எல்லாம் கவிழ்ந்தது. முதலாளி கைது, ஆயிரக்கணக்கானவர்களின் புகார். தீவனம் இல்லாமல் பட்டினி கிடந்த ஈமுக்களுக்கு அரசு சோறு போட வேண்டிவந்தது. 'நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று எந்தப் பறவைக்காரர் சொன்னாலும், அது ஈமுவோ காக்டெய்லோ, ஒரு கேள்வி கேளுங்கள்: 'வாங்கி யாருக்கு விற்பீர்கள்?' பதில் 'இன்னொரு வளர்ப்பாளருக்கு' என்றால் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

சரி, வியாபாரம் வேண்டாம், ஆசைக்கு ஒரு பெரிய கிளி... பேசுகிற கிளி?

ஆப்பிரிக்கன் கிரே. சாம்பல் உடம்பு, சிவப்பு வால், கெட்டிக்காரன். குஞ்சு விலையே பல பத்தாயிரங்கள், ஒரு நல்ல பைக்குக்கு அட்வான்ஸ் கட்டலாம். ஆனால் வாங்கும் விலை சின்ன செலவு. பழம், பருப்பு, பெல்லட் தீவனம், கடித்துக் குதற மரக்கட்டை (கட்டை இல்லாவிட்டால் உங்கள் கதவு), டாக்டர் என்று மாதம் 2,000 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல பராமரிப்பில் இது 40, 50 வருஷம் வாழும். நாற்பது வருஷத்துக்கு விலைவாசி ஏறவே ஏறாது என்று கனவு கண்டால்கூட 9,60,000 ரூபாய். இருபத்தெட்டு வயதில் வாங்குகிறவர் ரிடையர் ஆன பிறகும் அது 'ஹலோ' சொல்லிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முன் வாங்கினால், ஜாதகத்தோடு கிளியையும் பெண்வீட்டாரிடம் காட்டிவிடுவது நல்லது!

பணத்தைக்கூடச் சமாளிக்கலாம். நேரத்தை? காலை ஒன்பதுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்கு வருகிறவர் அறையில், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு நிகரான புத்தி என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் பிராணி, தனியாக, பதினோரு மணி நேரம். அது என்ன செய்யும்? தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். மார்பெல்லாம் மொட்டையாகி, கோழிக்கடையில் தொங்குவது போல ஆகிவிடும். இதற்கு மருந்துக் கடையில் மாத்திரை கிடையாது. துணைதான் மருந்து.

'ஹேண்ட் டேம்' குஞ்சு கேட்கிறவர்களும் கொஞ்சம் கேளுங்கள். கையில் வந்து உட்காரும் கிளி எப்படி உருவாகிறது? இரண்டு மூன்று வாரத்தில் தாயிடமிருந்து குஞ்சைப் பிரித்து, சில மணிக்கு ஒருமுறை கூழ் மாதிரி கரைத்த உணவை சிரிஞ்சிலோ ஸ்பூனிலோ ஊட்டுகிறார்கள். சூடு 40 டிகிரி சுமாருக்கு இருக்க வேண்டும். கூடினால் இரைப்பை வெந்துவிடும். குறைந்தால் செரிக்காமல் தங்கி அழுகிவிடும். ராத்திரி அலாரம் வைத்து எழுந்திருக்க வேண்டும். குளிர் என்றால் பல்பு போட்டுச் சூடு காட்ட வேண்டும். கொல்லிமலை மாதிரி கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் இடத்தில் மார்கழியில் இதைச் செய்து பார்த்தால் கரன்ட் பில்லும் கண்ணைச் சுற்றிய கருவளையமும் சேர்ந்து வரும். விலை கூடுதலாக இருப்பது அந்தத் தூக்கத்துக்குத்தான். சிலர் விலை குறைவு என்று, இறகு முளைக்காத குஞ்சை வாங்கி 'நானே ஊட்டிக்கறேன்' என்கிறார்கள். பாவம்... குஞ்சைச் சொன்னேன்.

இந்த ஊரில் ஓர் அனுகூலம் உண்டு. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பறவைக்கு உடம்பு சரியில்லை என்றால் போக ஓர் இடம். பல ஊர்களில் அதுகூட இல்லை. நாய் டாக்டர் கிளியைப் பார்த்து உங்களைப் போலவே முழிப்பார். கிளி வியாதியைக் கடைசிவரை மறைக்கும் பிராணி. காட்டில் சோர்ந்து உட்கார்ந்தால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற பழைய பயம். அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்காருகிறது என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. கிளியின் எச்சத் தூசியிலிருந்து நமக்கும் தொற்றும் ஒரு நுரையீரல் காய்ச்சல் உண்டு. கூண்டு கழுவும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்வது கோழைத்தனம் அல்ல.

'இவ்வளவு செலவெல்லாம் எதுக்கு? நம்ம ஊர் பச்சைக்கிளி இருநூறு முந்நூறுக்குக் கிடைக்குமே!'

வந்தீர்களா வழிக்கு! இருப்பதிலேயே மலிவான கிளி இதுதான். ஏன் மலிவு? இதற்குக் கூண்டு, பானை, தினை, அலாரம் எதற்கும் யாரும் செலவழிக்கவில்லை. மரப்பொந்தில் தாய் பொரித்ததைத் திருடிக்கொண்டு வந்து விற்கிறார்கள். திருட்டு சைக்கிள் மலிவாகக் கிடைப்பதில் ஆச்சரியம் என்ன?

1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாம் குற்றம். 1990களின் தொடக்கத்திலேயே இந்தியப் பறவை வியாபாரம் முழுக்கத் தடையாகிவிட்டது. 2022-ல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தையும் உயர்த்திவிட்டார்கள். பச்சைக்கிளி இப்போது இரண்டாம் அட்டவணையில். 3 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'எங்க தாத்தா காலத்துல வளர்த்தோம்' என்பது கோர்ட்டில் செல்லாது.

ஜோசியக் கிளிக்கும் விலக்கு இல்லை. 2024 ஏப்ரலில், கடலூர் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக நின்ற இயக்குநர் தங்கர் பச்சான் பிரசாரத்துக்கு நடுவே ஒரு கிளி ஜோசியரிடம் சீட்டு எடுக்கச் சொன்னார். கிளி நல்ல சீட்டாக எடுத்துக் கொடுத்தது. ஜெயிப்பீர்கள் என்றார் ஜோசியர். வீடியோ ஊரெல்லாம் பரவியது. அடுத்து வந்தது வனத்துறை! கிளிகளைப் பறிமுதல் செய்து, ஜோசியரை எச்சரித்து அனுப்பினார்கள். ஜூனில் ரிசல்ட் வந்தபோது வேட்பாளர் தோற்றிருந்தார். வனத்துறை வரப்போவதையும் அந்தக் கிளி சொல்லவில்லை.

வெளிநாட்டுக் கிளி என்றால் சட்டம் கிடையாது என்ற காலமும் போய்விட்டது. சர்வதேச 'சைட்டிஸ்' பட்டியலில் உள்ள பறவை வைத்திருந்தால், 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கினால், விற்றால், குஞ்சு பொரித்தால், செத்தால்... எல்லாவற்றுக்கும் தகவல் தர வேண்டும். பட்ஜெரிகர், காக்டெய்ல் போன்ற ஒருசில இனங்கள் தவிர கிட்டத்தட்ட எல்லா அந்நியக் கிளிகளும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆப்பிரிக்கன் கிரே 2017 முதல் அதன் உச்சப் பிரிவில். 'பேப்பர் இல்லாம கொஞ்சம் கம்மியா முடிச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், கம்மி அவருக்கு, கேஸ் உங்களுக்கு.

சென்னை ராயப்பேட்டையில் கேமரா ரிப்பேர் செய்யும் சேகர் என்பவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். சுனாமி காலத்துக்குப் பிறகு மொட்டை மாடியில் அரிசி வைக்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் பச்சைக்கிளிகள் வந்து வரிசை கட்டி உட்கார்ந்த மாடி. கிலோ கணக்கில் அரிசி ஊறப்போட்டு, பலகை பலகையாகப் பரப்பி, சம்பாத்தியத்தின் பெரும்பங்கை அதற்கே செலவழித்த மனிதர். கூண்டுச் செலவு பூஜ்யம். சைடு இன்கமும் பூஜ்யம். அதுகள் வரும், தின்னும், போகும். வள்ளி காலத்துக் கிளி எப்படியோ அப்படியே. என்ன, இங்கே கவண் இல்லை.

செலவே இல்லாத கிளி வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் போங்கள். ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மூக்குக்கு மாதுளம்பூ, உடம்புக்கு மரவள்ளி இலை. கொல்லிமலையில் தினையை விரட்டிய அதே மரவள்ளி! ஒருநாள் இருந்துவிட்டு மறுநாள் பக்தர் கைக்குப் போய்விடும். நாற்பது வருஷக் கவலை இல்லை.

இத்தனைக்கும் பிறகும் 'எனக்கு ஒரு ஜோடியாவது வேணும் சார்' என்கிறவருக்கு: ஒரு ஜோடி பட்ஜெரிகர். உயரத்தைவிட நீளம் அதிகமான கூண்டு, ஏனென்றால் கிளி ஹெலிகாப்டர் இல்லை, பக்கவாட்டில் பறப்பது. வெயில் முகத்தில் அடிக்காத இடம். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் சொச்சம். அப்புறம் மாதம் நூறு ரூபாய். சாக்லேட், உப்புப் பண்டம், மலைப்பக்கம் விளையும் பட்டர் ஃப்ரூட் மூன்றும் ஆகாது. பட்டர் ஃப்ரூட் கிளிக்கு விஷம். கூண்டை அடுப்படியில் வைக்காதீர்கள். நான்ஸ்டிக் தவா காய்ந்து கிளம்பும் புகையே கொன்றுவிடும். ஒருநாள் மனசு இளகி 'போ, சுதந்திரமாகப் பற' என்று திறந்துவிடவும் கூடாது. கூண்டில் பிறந்த ஆஸ்திரேலியாக்காரருக்கு நம்மூரில் இரை தேடத் தெரியாது. அடுத்த தெருவுக்குள் காக்கை முடித்துவிடும்.

கூண்டு வாங்கும்போது கடைக்காரர் ஒரு மண்பானையையும் சேர்த்துத் தருவார். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பானை இல்லாவிட்டால் பெரும்பாலும் முட்டை இல்லை. முட்டை இல்லாவிட்டால் பத்து ஜோடி இல்லை. சும்மாதானே என்று அவர் கட்டாயப்படுத்தினால் வாங்கி வந்து, மண்ணை நிரப்பி, ஒரு மணி பிளான்ட் வைத்துவிடுங்கள்.